சேறு வரும்வரைக்கும் இரிங்க

மட்டக்களப்பு நாவற்குடாவில் ஒரு படம் நல்லதா கூடாதா என்று அறிய வேண்டுமென்றால் யாரும் பத்திரிகையைப் புரட்டுவதில்லை. பின்னேரம் சீதேவிப்பிள்ளை அக்காவின் வடைக்கடைக்குப் போவார்கள். தாச்சியில் பருப்பு வடை பொரிந்துகொண்டிருக்கும். அதற்கு மேலால் அக்காவின் வாய் பொரிந்துகொண்டிருக்கும். "முதல் பாதி கொட்டாவி, மறுகா நித்திரை. படுக்கிறதுக்கு உங்கட வீட்டில பாய் இல்லயா மனே?" என்று ஒரு சொல் சொன்னாரென்றால், அந்தப் படம் அந்த ஊரில் செத்தது. கதாநாயகன் எவ்வளவு பெரிய கொம்பனாக இருந்தாலும் அக்காவின் கரண்டிக்குத் தப்ப முடியாது.

அப்படிப்பட்ட மனிசி தன் வாயாலேயே மாட்டிக்கொண்ட கதை இது. நுணலும் தன் வாயால் கெடும் என்று சும்மாவா சொல்லி வைத்தார்கள்!

அக்காவுக்கு உயிரான படம் ஒன்று உண்டு. பழைய ஆங்கிலப் படம். பாலைவனம், மலை, சதுப்பு என்று பாதையே இல்லாத இடங்களில் ஓடும் ஜீப் ஓட்டப்பந்தயம், இடையிடையே அடிதடி. சண்டைக் காலத்தில், ஊரில் கரண்ட் இல்லாதபோது, உழவு மெசின் பெட்டரியில் வீடியோ டெக் ஓட்டிய ஒரு வீட்டில் குமர்ப்பிள்ளையாக இருந்து பார்த்தது. அந்த வீட்டில் இருந்ததே அந்த ஒரு கெசட்தான். வேறு என்ன செய்வது? திரும்பத் திரும்ப அதையே பார்த்தார்கள். வெளியே என்னென்னவோ நடந்தது; உள்ளே அந்த ஜீப் மட்டும் ஒவ்வொரு முறையும் வென்றது. அந்தச் சந்தோசத்தை அக்கா இன்றுவரை யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. எந்தப் புதுப்படத்தைப் புகழ்ந்தாலும், "ஓம், நல்லாத்தான் இரிக்கு. ஆனா எண்ட ஜீப் படத்துக்குக் கிட்ட நிக்க ஏலாது" என்றுதான் முடிப்பார்.

இந்த வருசம் விளையாட்டுக் கழகத்தின் ஆண்டு விழாவுக்கு மண்டபத்தில் பெரிய திரை கட்டிப் படம் போடுவதென்று முடிவானது. கழகத் தலைவன் சிவதர்ஷன் புதுப்படம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தான். வடையைக் கடித்தபடி அதைச் சொன்னதுதான் தாமதம், அக்கா கரண்டியை ஓங்கினார்.

"புதுப்படத்தை எல்லாரும் ஃபோனில பாத்திட்டானுகள். எண்ட ஜீப் படத்தைப் போடு மனே."

சிவதர்ஷன் சும்மா விடுவானா? ஃபோனைத் தட்டி, அந்தப் படத்தைப் பார்த்தவர்கள் எழுதிவைத்த கருத்துகளைத் தேடி எடுத்து, கடைக்கே கேட்க வாசித்தான். "கேளுங்கக்கா. ஒருத்தன் சொல்லுறான், கதையெண்டு ஒண்டுமே இல்லயாம். ஒருத்தி சொல்லுறா, ஜீப்புக்கு நடிக்கத் தெரியுதாம், நடிகனுக்குத்தான் தெரியல்லயாம். இவன் அஞ்சுக்கு ரெண்டு நட்சத்திரம் குடுத்திரிக்கான். அதில ஒண்டு படத்தில வாற நாய்க்காம்!"

கடை குலுங்கச் சிரித்தது. எல்லாரையும்விடப் பலமாகச் சிரித்தவர் முகைதீன்பாவா. காத்தான்குடியிலிருந்து மோட்டர் சைக்கிளில் சாறன் துணிக்கட்டு ஏற்றிவரும் வியாபாரி. அக்காவின் தேத்தண்ணிக்கும் அக்காவோடு சண்டை கொழுவுவதற்கும் பழைய வாடிக்கை. "பாட்டில்லாத படம் ஒரு படமா தங்கச்சி? சனம் பாதியில எழும்பிப் போயிரும், வல்லாஹி."

அக்காவுக்கு முகம் சிவந்துவிட்டது. "நட்சத்திரம் குடுத்தவன் ஒருநாளாவது சேத்தில கால் வச்சவனா? போடு மனே படத்தை! சனம் பாதியில எழும்பிப் போச்செண்டா, இந்தச் சீதேவிப்பிள்ளை இனிச் சாகுமட்டும் எந்தப் படத்தைப் பத்தியும் வாய் திறக்கமாட்டாள். மாமாங்கப் பிள்ளையாருக்கு மேல சத்தியம்!"

சத்தியம் வாயை விட்டுப் போன பிறகுதான் எதைப் பணயம் வைத்தோம் என்று அக்காவுக்கு உறைத்தது. செய்தி கடையைத் தாண்டி, சந்தியைத் தாண்டி, காத்தான்குடிக்கும் போய்ச் சேர்ந்தது.

"உனக்கு இது தேவையா கா?" என்றார் வீட்டுக்காரர் இளையதம்பி. அவர் உழவு மெசின் ஓட்டுகிறவர். வயல்வட்டைக்குப் போவார், உழுவார், வருவார், சாப்பிடுவார், படுப்பார். கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு படத்தைக்கூட முழுதாக இருந்து பார்த்ததில்லை. பார்த்த அரைகுறையைப் பற்றியும் ஒரு சொல் சொன்னதில்லை. "பேசாம இரிக்க உன்னால ஏலுமா?"

ஏலாது. அது அக்காவுக்கே தெரியும். படம் பேசாத சீதேவிப்பிள்ளை உப்பில்லாத புளியாணம். கடைக்கு வருகிறவர்கள் வடைக்கா வருகிறார்கள்? வடை எந்தச் சந்தியிலும் கிடைக்கும்.

அக்காவுக்கு இருந்தது ஒரேயொரு நம்பிக்கை. அந்தப் படத்தின் முதல் பாதி முழுக்கப் பாலைவனம். புழுதியைத் தவிர ஒன்றுமில்லை. அதற்குப் பிறகுதான் ஜீப் சதுப்புக்குள் இறங்கும். சேற்றைக் கண்டால் தன் சனம் அசையாது என்று அக்கா நினைத்தார். ஆனால் சேறு வரும்வரைக்கும் சனத்தை இருத்தி வைக்க வேண்டுமே!

ஞாயிற்றுக்கிழமை மத்தியானச் சாப்பாடு முடிந்ததும் மண்டபத்து ஜன்னல்களுக்குக் கறுப்புப் படங்குத் துணி கட்டிப் படத்தைப் போட்டார்கள். மண்டபம் நிறைந்த சனம். முகைதீன்பாவா வேலை மெனக்கெட்டு வந்து முன்வரிசையில் இடம்பிடித்திருந்தார். அக்காவின் தோல்வியைப் பக்கத்தில் இருந்து பார்க்க ஆசை.

திரையில் மணல். மணலுக்குப் பிறகு மணல். விளங்காத ஆங்கிலம்.

"என்னகா இது, பாசிக்குடாக் கடக்கரையில எடுத்த படமா?" என்றாள் ஒருத்தி. "பாட்டு எப்ப வரும்?" என்று ஒரு குரல். "பாட்டுக்காரன் புழுதியில காணாமப் போயிற்றான்" என்று இன்னொரு குரல். கொட்டாவி ஒரு வரிசையிலிருந்து அடுத்த வரிசைக்குத் தொற்றியது. சிவதர்ஷன் புதுப்படம் இருந்த பென்டிரைவைக் கையில் உருட்டத் தொடங்கிவிட்டான்.

அக்கா எழும்பினார். தலைமையுரைக்கு வைத்திருந்த மைக்கை இழுத்து எடுத்தார்.

"இஞ்ச பாருங்க! இந்தா பல்லைக் காட்டிக்கொண்டு வாறானே மீசைக்காரன், இவனை நம்பாதீங்க. எல்லாருக்கும் சமனாத் தண்ணி பிரிப்பம் எண்டு வட்டைக் கூட்டத்தில சொல்லிப்போட்டு, விடியுறதுக்குள்ள போய்த் தனக்கு மட்டும் வரம்பை வெட்டி விடுற ஆக்கள் இரிக்காங்களே, அவங்கட ஆள் இவன்! இப்ப பாருங்க, நம்மட ஜீப் ஓட்டுற பொடியன்ட பிறேக்கை வெட்டப்போறான்."

மீசைக்காரன் வெட்டினான். "அட பாவி!" என்றது மண்டபம். பின்வரிசையில் ஒருவர் மட்டும் நிலத்தைப் பார்த்தார்; யாரென்று எல்லாருக்கும் தெரியும். சிரிப்பு அள்ளிக்கொண்டு போனது. அக்கா விடவில்லை. ஆங்கிலத்தில் அவர்கள் எதையோ கதைக்க, அக்கா மட்டக்களப்புத் தமிழில் வேறெதையோ கதைத்தார். வெள்ளைக்காரிக்கும் பொடியனுக்கும் சம்பந்தம் பேசினார். நாய்க்கும் வசனம் கொடுத்தார்.

ஆனாலும் பாலைவனம் முடிகிறதாக இல்லை. எவ்வளவுதான் கதைப்பது? தொண்டை காய்ந்தது. கதவோரம் இருந்த வட்டைக்காரர் நாலைந்து பேர், சாப்பாட்டுப் பார்சலுக்கு வந்தவர்கள், ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு எழும்பினார்கள். அவர்களுக்கு முன்னால் வாசலுக்கு நடந்த மனிதர் இளையதம்பி.

கட்டின புருசன்! வேறு யார் போனாலும் அக்கா தாங்கியிருப்பார். முகைதீன்பாவா திரும்பி அக்காவைப் பார்த்துச் சிரித்தார். அந்தச் சிரிப்பைக்கூட அக்கா பொறுத்துக்கொண்டார். இளையதம்பியின் முதுகைத்தான் பார்க்க முடியவில்லை.

"இரிங்க!" மைக் கீச்சிட்டது. "சேறு வரும்வரைக்கும் இரிங்க!"

இளையதம்பி நிற்கவில்லை. வாசற்படியில் ஒரு காலை வைத்தார்.

அப்போது திரையில் எஞ்சின் சத்தம் மாறியது. அதுவரை சீறிக்கொண்டிருந்தது திணறியது, இழுத்தது, முக்கியது. வாழ்நாள் முழுக்க அந்தச் சத்தத்தோடு மாரடித்த மனிதர் சட்டென்று திரும்பினார். ஜீப்பின் பின் சில்லு சேற்றில் சுழன்றுகொண்டிருந்தது.

"ரேஸ் குடுக்காதடா!" என்று கத்தினார் இளையதம்பி. "புதையும்! குடுக்காத!"

பொடியன் கொடுத்தான், எஞ்சின் உறுமியது. ஜீப் அச்சுவரை புதைந்தது.

"மடையன்! சொல்லச் சொல்லக் கேட்டானா?"

அவ்வளவுதான். போகப் புறப்பட்ட அத்தனை பேரும் திரும்பினார்கள். சேற்றில் மெசின் புதையாத வீடு அந்த மண்டபத்தில் எது? "பின்னுக்கு எடு!" என்றான் ஒருவன். "எடுத்தா இன்னும் தாழும், சில்லில காத்தைக் குறை!" என்றான் மற்றவன். பெண்கள் பக்கம் இன்னும் மோசம். தன் புருசன் போன மாரியில் மெசினைப் புதைத்த கதையை ஒருத்தி பத்து வரிசைக்குக் கேட்கச் சொன்னாள்.

இளையதம்பி எல்லார் குரலையும் மீறிக் கத்தினார். "சில்லில மரத்தைக் கட்டுடா! மரத்தை!"

"மரம் என்னத்துக்கு?" என்று கேட்டுவிட்டார் முகைதீன்பாவா. பத்துப் பேர் ஒரேயடியாக அவருக்கு விளங்கப்படுத்தினார்கள்: பின் சில்லு ரெண்டுக்கும் குறுக்கால கட்டையைச் சங்கிலி போட்டுக் கட்டினால், சில்லு சுற்றும்போது கட்டை சேற்றுக்குள் போய் வண்டியைத் தூக்கிவிடும். திரையில் பொடியன் ஒன்றும் விளங்காமல் சதுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தான்.

"அந்தா கிடக்கு மரம்! உண்ட காலடியில!" முகைதீன்பாவா கதிரையை விட்டு எழும்பிக் கத்தினார்.

பொடியன் குனிந்தான். மரத்தைக் கண்டான். சங்கிலியை எடுத்தான். கட்டை சில்லோடு சுற்றியது, சேற்றுக்குள் போனது, ஜீப் ஒரு முழம் எழும்பியது, மறுபடி எழும்பியது, கரையில் ஏறியது.

மண்டபம் வெடித்தது! விசில், கைதட்டு, குரவை. ஊரே சேர்ந்து அந்த ஜீப்பைத் தள்ளி ஏற்றிவிட்ட சந்தோசம். பிறகு முடிவுவரை யாரும் உட்காரவேயில்லை. அக்கா மைக்கைப் பிடித்தபடி நின்றார். ஒரு சொல் சொல்ல யார் விட்டார்கள்? படம் முடிந்ததும் "சேத்தைத் திருப்பிப் போடு!" என்று கூக்குரல். போட்டார்கள். இரண்டாம் முறையும் அதே கத்தல்.

பிறகு கருத்துகள். கட்டை சிறிது என்றார்கள், சங்கிலி துருப்பிடித்தது என்றார்கள், பொடியனுக்கு மெசின் ஓட்டத் தெரியாது, பழக்கினால் வருவான் என்றார்கள். "படம் நல்லம்" என்றார் சாறன் வியாபாரி முகைதீன்பாவா, "ஆனா முடிச்சு இன்னும் இறுக்கிப் போட்டிரிக்கணும்."

சனத்தை விலக்கிக்கொண்டு இளையதம்பி அக்காவின் பக்கத்தில் வந்து நின்றார். கத்திக் கத்திக் குரல் கரகரத்திருந்தது.

"நல்ல படம் கா" என்றார்.

அக்காவுக்குக் கண் நிறைந்துவிட்டது. கல்யாணம் கட்டிய நாளிலிருந்து ஒரு படத்தைப் பற்றி அந்த மனிதர் சொன்ன முதல் தீர்ப்பு அது.

சிவதர்ஷன் மேடையில் ஏறினான். "அக்கா, வாற வருசம் என்ன படம் போடுற?"

இரைந்துகொண்டிருந்த மண்டபம் அப்படியே அடங்கி அக்காவைப் பார்த்தது. அக்கா அவசரப்படவில்லை. முந்தானையால் முகத்தைத் துடைத்தார், மைக்கைத் தட்டிப் பார்த்தார்.

"சொல்லுறன்" என்றார். "ஆனா முதல் பாதிக்குக் கொஞ்சம் பொறுமையா இரிக்கணும்."

"இரிப்பம் அக்கா!" என்று மண்டபமே கத்தியது. அதில் பலமாகக் கேட்டது முகைதீன்பாவாவின் குரல்.