மஞ்சள் தடவிய கார்டு

மருதாசலத்துக்குத் திங்கட்கிழமை விடிந்தாலே கால் வலிக்க ஆரம்பித்துவிடும். காதர்பேட்டைப் பக்கம் ஒரு பனியன் கம்பெனியில் அவர் டெய்லர். வாரம் பூராவும் மிஷின் முன்னால் உட்கார்ந்தே பழகிய உடம்பை அரை நாள் லீவு போட்டுக் கூட்டிவந்து, தொழிலாளர் இன்சூரன்ஸ் டிஸ்பென்சரி வராந்தாவில் நிறுத்திவைத்தால் அது வலிக்காமல் என்ன செய்யும். இன்சூரன்சுக்கென்று சம்பளத்தில் வாரம் தவறாமல் பிடித்துக்கொள்கிறார்கள். பிடிப்பதற்கு யாரையும் வரிசையில் நிற்கச் சொல்வதில்லை. வைத்தியம் கேட்டால்தான் வரிசை.

அவர் நின்றது தனக்காக அல்ல. மனைவி சென்னம்மாளுக்கு இரண்டு கண்ணிலும் புரை. அடுப்பில் பால் பொங்குவதைச் சத்தத்தை வைத்துத்தான் கண்டுபிடிப்பாள். காங்கேயத்தில் கட்டிக்கொடுத்த மகள் சுப்பாத்தாளுக்கு அந்த ஆவணியில் தலைப்பிரசவம். தாய் வீட்டில்தான் பார்த்தாக வேண்டும்.

"கொளந்தைக்கு நாந்தானுங்க தண்ணி வாக்கோணும்," என்று சென்னம்மாள் தினமும் ஒரு தரமாவது சொல்வாள். "பச்ச ஒடம்பு. கண்ணு தெரியாத கையில நழுவிப் போச்சுன்னா நான் என்னங்க பண்ணுவேன்?"

கோயமுத்தூரில் ஆபரேஷன் செய்வார்கள். அதுவும் இன்சூரன்சில் சேர்த்திதான். ஆனால் கட்டில் காலியாக வேண்டும். காலியானால் டிஸ்பென்சரிக்குத் தகவல் வரும். அங்கிருந்து கம்பெனி விலாசத்துக்கு, இன்ன தேதிக்கு வா என்று ஒரு தபால் கார்டு போடுவார்கள். அந்தத் தேதியில் அந்தக் கார்டோடு போனால்தான் உள்ளே விடுவார்கள். தேதி தப்பினால் கட்டில் அடுத்த ஆளுக்கு.

கார்டு போடுகிற அதிகாரம் கிளார்க் திருமூர்த்தியிடம் இருந்தது. பெரிய மனிதர் ஒன்றுமில்லை. ஆனாலும் அந்த வராந்தாவில் நிற்கிறவர்களுக்கு அவர் தும்மினால்கூட அர்த்தம் இருக்கும். ஆனிக் கடைசியில் ஒரு திங்கட்கிழமை அவர் மருதாசலத்தை மேஜைக்கே கூப்பிட்டார்.

"உங்க கையெழுத்து முத்து முத்தா இருக்குதுங்க மருதாசலம். கொஞ்சம் உக்காருங்க. ஒரு புண்ணிய காரியம்."

மேஜையில் ஒரு கட்டு வெற்றுக் கார்டு. பக்கத்தில் திருமூர்த்திக்கு வந்த கார்டு ஒன்று. ஏதோ ஒரு மலைக்கோயிலில் பாம்பு வந்து பூசாரியிடம் மனிதக் குரலில் பேசியதாம். இதைப் படித்தவர் இருபத்தோரு பேருக்கு எழுதினால் நினைத்தது நடக்குமாம். எழுதாத ஒருவன் ரத்தம் கக்கிச் செத்தானாம். மருதாசலத்துக்குச் சிரிப்புக்கூட வரவில்லை. இதே பாம்பு அவருக்கும் கார்டில் வந்து பேசியிருக்கிறது, அந்த வருஷத்தில் மூன்று தரம். யார் இந்த வெட்டி வேலை பார்க்கிறவன் என்று மிஷினில் உட்கார்ந்து வாயாரத் திட்டியிருக்கிறார். இப்போது தெரிந்துவிட்டது. விலாசம் எல்லாம் இன்சூரன்ஸ் ரிஜிஸ்தரிலிருந்து.

மாட்டேன் என்று சொல்லியிருக்கலாம். கட்டில் ஞாபகம் வந்தது. உட்கார்ந்து எழுதினார். இருபத்தொன்றோடு நிற்கவுமில்லை, கிளார்க்கின் சம்சாரம், மச்சினன், மேலதிகாரி என்று எல்லோருக்கும் வந்த கார்டுகளுக்கும் சேர்த்து எழுதினார். பாதி, தன் கம்பெனி ஆட்களுக்கே. அடுத்தடுத்த திங்கட்கிழமைகளிலும் அதே கதை. கடைசியாக எழுதிய அன்று திருமூர்த்தி ஒரு கிண்ணத்தில் மஞ்சள் குழைத்து வைத்தார்.

"எப்பவும் போல மூலையில தடவிருங்க. நான் தபால் பெட்டிக்கு அனுப்பிர்றேன்."

ஒவ்வொன்றாகத் தடவ மருதாசலத்துக்குப் பொறுமை இல்லை. மேஜைமேல் இருந்த கார்டு அத்தனையையும் ஒன்றாக அடுக்கித் தட்டினார். கம்பெனியில் வெட்டிய பனியன் துண்டுகளை அடுக்கிச் சரித்து விரிப்பார்களே, அப்படி விரித்து, மூலை மூலையாகத் தெரிந்ததும் ஒரே இழுப்பில் மஞ்சள் விரலை ஓட்டினார். சீக்கிரம் முடிந்தது. கை கழுவிவிட்டு வேலைக்கு ஓடினார்.

கம்பெனியில் அதற்குள் ஆட்களுக்குத் தாங்கவில்லை. சாமி பெயர் போட்ட கார்டைக் கிழிக்கவும் பயம், காலில் மிதிபட விடவும் பயம், இருபத்தோரு பேருக்கு எழுத யாருக்கு நேரம். கடைசியில் அவர்களே ஒரு சட்டம் பேசி முடித்துக்கொண்டார்கள்: படித்தவனுக்குத்தானே பலிக்கும், படிக்காதவனுக்குச் சாமி என்ன செய்யும். ஆகவே மஞ்சள் தடவிய கார்டு எது வந்தாலும் கையில் கொடுக்கவே கூடாது என்று கேட்டில் தபால் வாங்குகிற வாட்ச்மேன் லிங்கசாமியிடம் சொல்லிவிட்டார்கள். அந்தப் பேச்சில் மருதாசலமும் தலையாட்டினார். வேறென்ன செய்வது. லிங்கசாமி பக்திமான். மஞ்சளைக் கண்டால் விலாசத்தைக்கூடப் பார்க்காமல் தலைகீழாக ஒரு பையில் போட்டுவைத்தார்.

ஆடி போய் ஆவணி பிறந்தது. மகள் வயிற்றைத் தூக்கிக்கொண்டு வந்து சேர்ந்தாள். கார்டு மட்டும் வரவில்லை. மருதாசலம் டிஸ்பென்சரிக்குப் போய்க் கேட்டார்.

"கார்டுங்களா?" திருமூர்த்திக்கு ஆச்சரியம். "ஆடி பத்துலயே போட்டாச்சுங்களே. ஆடி இருவதுக்கு வரச் சொல்லி இருந்துதுங்க. நீங்க போகலீங்களா? கட்டில வேறொரு அம்மாளுக்குக் குடுத்துட்டாங்க."

"எனக்கு எதும் வரலீங்க."

"வராம எங்கீங்க போகும். நீங்க எழுதுன அன்னைக்கேதானுங்க அதும் மேஜைமேல இருந்துச்சு. சாமி கார்டோட சேத்து அதுக்கும் மஞ்ச தடவீட்டீங்க. நல்ல காரியத்துக்குப் போறதுதானேன்னு நானும் அப்படியே அனுப்பீட்டனுங்க."

மருதாசலம் தன் விரலைப் பார்த்துக்கொண்டார். பிறகு கம்பெனிக்கு நடந்தார். வேகமாக நடக்கவும் தோன்றவில்லை. கேட்டில் லிங்கசாமியிடம் பை எங்கே என்று கேட்டார்.

"ஆடிப் பதினெட்டுக்கு நொய்யல் ஆத்துல தண்ணி போச்சுங்ளே," என்றார் லிங்கசாமி. "தேங்கா, பழமெல்லாம் வெச்சுக் கும்பிட்டுப்போட்டு, பையோட உட்டுட்டனுங்ணா. எல்லாத்துக்கும் நல்லது நடக்கட்டும்னு வேண்டிக்கிட்டனுங்க."

அவரைத் திட்டினால் அது கார்டு எழுதிய கையில்தான் வந்து முடியும் என்று மருதாசலத்துக்குத் தெரியும்.

வீட்டில் கார்டு தபாலில் தொலைந்துவிட்டது என்று மட்டும் சொன்னார். "உடுங்க, தபாலாப்பீசுக்காரங்க என்ன பண்ணுவாங்க," என்றாள் சென்னம்மாள். அவள் அழுதிருந்தால் அவருக்குத் தேவலையாக இருந்திருக்கும்.

ஆவணி கடைசியில் பேத்தி பிறந்தாள். தண்ணீர் வார்க்கப் பக்கத்து வீட்டுப் பெண்ணைக் கூப்பிட்டுக்கொண்டார்கள். சென்னம்மாள் சுவரோரம் உட்கார்ந்து தண்ணீர் விழுகிற சத்தத்தையும் குழந்தை கத்துவதையும் கேட்டுக்கொண்டிருந்தாள். துவட்டி மடியில் வைத்ததும் முகத்தை விரலால் ஒரு சுற்றுத் தடவினாள்.

"ஏனுங்க, யாரு சாடைங்க?"

"உன்ற சாடைதான் அம்மிணி."

"என்ற சாடை எனக்கே மறந்து போச்சுங்க," என்று சிரித்தாள்.

அடுத்த திங்கட்கிழமை மறுபடியும் வராந்தா, மறுபடியும் வரிசை, முதலிலிருந்து மறுபடியும் மனு. தை மாசத்துக்குள் கட்டில் கிடைக்கப் பார்க்கலாம் என்றார் திருமூர்த்தி. சொல்லிவிட்டு மேஜை இழுப்பறையைத் திறந்து ஒரு கட்டு வெற்றுக் கார்டை எடுத்து வைத்தார். ரிஜிஸ்தரையும் தள்ளினார்.

"என்ற மாமனாருக்கு வந்திருக்குதுங்க. உங்க கையால எழுதிருங்க."

மருதாசலம் கார்டையே பார்த்தார். எழுந்து போய்விட வேண்டும் என்றுதான் இருந்தது. எழுந்தால் தை மாசம் ஆடி மாசமாகும் என்பதும் தெரிந்தது. கடைசியில் பேனாவை எடுத்தார். ரிஜிஸ்தரில் தன் கம்பெனிப் பக்கம் வந்தது. அதைப் புரட்டித் தள்ளினார். அடுத்த கம்பெனிப் பக்கத்தில் விரல் நின்றது. அந்தக் கம்பெனிக் கேட்டிலும் ஒரு வாட்ச்மேன் இருப்பான், அவனிடமும் ஒரு பை இருக்கும், அங்கேயும் எவனோ ஒருவன் ஒரு கார்டுக்காகக் காத்திருப்பான். நன்றாகத் தெரிந்தது.

முதல் பெயரைப் பார்த்து எழுத ஆரம்பித்தார். எழுத்து முத்து முத்தாக வந்தது.