சோத்தாங்கைப் பக்கம்

கப்பல் தொழிலில் டிக்கெட் வாங்குவது ஏறிப்போகிற பயணி இல்லை, ஓட்டிப்போகிற ஆள். கடலில் கப்பலைப் பொறுப்பாக நடத்த ஒருவனுக்குத் தகுதி உண்டென்று அரசாங்கம் கொடுக்கும் சான்றிதழுக்கு எங்கள் ஆட்களிடையே அதுதான் பெயர். அது கைக்கு வராதவரை, எத்தனை கடல் தாண்டியிருந்தாலும் நீங்கள் பயிற்சியில் இருப்பவர்தான். துருவைச் சுரண்டி பெயின்ட் அடித்துக்கொண்டிருக்க வேண்டியதுதான்.

எழுத்துத் தேர்வுகளை நான் முதல் தடவையே தாண்டிவிட்டேன். என்னைக் கவிழ்த்தது ஓரல். ஒரு அறை, ஒரு மேஜை, எதிரே கடலில் பழுத்த ஒரு கேப்டன். வாயைத் திறந்து பதில் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். இதை வாசிக்கிற நீங்கள் வங்கித் தேர்வில் விழுந்தவரோ, போலீஸ் தேர்வில் விழுந்தவரோ, எட்டுப் போடும்போது காலை ஊன்றிவிட்டவரோ, யாராக இருந்தாலும் நம் கூட்டம்தான். பக்கத்தில் வந்து உட்காருங்கள்.

கியூவில் நின்றவன்

எங்கள் அப்பா போடியில் ஜீப்பு டிரைவர். விடிந்தும் விடியாத நேரத்தில் வேலைக்குப் போகும் பெண்களை ஏற்றிக்கொண்டு, போடிமெட்டு மலை ஏறி, கேரளத்துப் பக்கம் இருக்கும் ஏலத் தோட்டங்களில் இறக்கிவிடுவார். சாயங்காலம் போய்க் கூட்டி வருவார். இருபது வருஷத்துக்கு மேல் இதே சோலி. மகன் கப்பலில் இருக்கிறான் என்பதை ஜீப்பு ஸ்டாண்டில் சொல்லாத நாள் கிடையாது. டிக்கெட் வாங்கத்தான் மெட்ராசில் தங்கிப் படிக்கிறான் என்பதையும் சேர்த்துச் சொல்லிவைத்திருந்தார்.

ஒரு லீவுக்கு ஊர் வந்து ஸ்டாண்டு வழியாக நடந்தேன். அப்பாவின் கூட்டாளி முருகேசன் மாமா ஜீப்பை விட்டு இறங்கி வந்து என் தோளில் கைபோட்டார். அவருக்கும் சொந்தமாக ஒரு ஜீப்பு உண்டு. மனசார வருத்தப்பட்டுத்தான் கேட்டார்.

"ஏன் மருமகனே, ஆறு மாசமா கியூவுல நின்னும் ஒரு டிக்கெட்டு கெடைக்கலையா? பஸ்டாண்டுல எனக்குத் தெரிஞ்ச கண்டக்டரு ஒருத்தன் இருக்கான், சொல்லிவிடவா?"

கடலில் மலை இல்லை

முதல் ஓரலில் கேப்டன் தமிழ்க்காரர். மேஜை மேல் இரண்டு சின்ன மரக் கப்பல்களை மூக்கோடு மூக்கு பார்க்கிற மாதிரி வைத்தார். நேருக்கு நேர் வருகிறது, என்ன செய்வாய் என்று கேட்டார். கடல் விதிகளில் இதைவிட எளிய கேள்வி கிடையாது. இரண்டு கப்பலும் வலப்பக்கம் ஒதுங்க வேண்டும். வலதுக்கு ஸ்டார்போர்டு, இடதுக்கு போர்ட். முந்நூறு தடவை எழுதிப் பார்த்திருந்தேன்.

ஆனால் நான் ஸ்டீரிங் பிடிக்கக் கற்றது அப்பாவின் ஜீப்பில், போடிமெட்டு ரோட்டில். அங்கே எதிரே ஒரு வண்டி தெரிந்தால் புத்திக்குச் சேதி போவதற்கு முன்னாலேயே கை இடப்பக்கம் ஒடித்துவிடும். ஒடிக்காதவன் வீடு போய்ச் சேரமாட்டான். நான் "போர்ட்" என்றேன். கேப்டன் மரக் கப்பல்களை ஓரமாக நகர்த்தினார். சொந்த ஊர் எது என்று கேட்டார். சொன்னேன். மூணாறு போகும்போது அந்த வளைவுகளில் வாந்தி எடுத்த கதையைச் சொல்லிச் சிரித்தார். நானும் சிரித்தேன், பிழைத்தோம் என்று நினைத்து. அவர் பேனாவை எடுத்து என் தாளில் ஏதோ எழுதினார்.

"கடல்ல மலை கிடையாது தம்பி. அடுத்த தடவ ஊர ஊர்லயே விட்டுட்டு வாங்க."

வெளியே போட்ட பெஞ்சு

ஓரல் அறைக்கு வெளியே ஒரு நீளப் பெஞ்சு உண்டு. படபடப்பைப் போக்க அதில் ஆளாளுக்கு ஒரு வைத்தியம். ஒருவர் மூச்சை எண்ணுவார், ஒருவர் திருநீறைத் தொட்டுத் தொட்டுப் பார்ப்பார். எனக்கு அம்மா கொடுத்துவிட்ட ஏலக்காய். அதை எல்லோருக்கும் ஆளுக்கு இரண்டாகக் கொடுப்பேன்.

அன்று என் பக்கத்தில் இருந்தவர் ராமநாதபுரத்துக்காரர், கல்யாணமானவர், அவருக்கு அது ஐந்தாவது தடவை. எனக்கு முன்னால் உள்ளே போய், எனக்கு முன்னாலேயே விழுந்தார். நான் விழுந்து வெளியே வந்தபோது மாடிப்படிக்கு அருகில் சுவரைப் பார்த்து நின்று வீட்டுக்குப் போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் கொடுத்த ஏலக்காய் இரண்டும் மெல்லாமல் அப்படியே அவர் உள்ளங்கையில் இருந்தன. குரலில் ஒரு நடுக்கம்கூட இல்லை.

"பரீட்சையத் தள்ளி வச்சுட்டாங்கம்மா. அடுத்த மாசமாம்."

அம்மா கேட்ட உரல்

ஊருக்கு வந்து ஒரு மாதம் வீட்டை விட்டு வெளியே போகவில்லை. சாப்பாடு இறங்கவில்லை. குளிக்கும்போது தலையில் கை வைத்தால் கொத்தாக முடி வந்தது. அம்மா ஏலக்காய்க் கடையில் காய் பிரிக்கப் போகிறவள். பெரிசு சிறிசு, பச்சை வெளுப்பு என்று விரல் தானாகத் தள்ளும். ஒருநாள் என் தட்டில் சோற்றையும் அப்படித்தான் கொஞ்சம் கொஞ்சமாக ஒதுக்கி, உருட்டி, கையில் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

எதில்தான் விழுந்தாய் என்று கேட்டாள். ஓரலில் என்றேன். அவள் காதில் உரல் என்று விழுந்தது. நான் திருத்தவில்லை, திருத்துவதற்குப் பெரிய வித்தியாசம் ஒன்றும் எனக்குத் தெரியவில்லை. ஒரு உருண்டையை என் உள்ளங்கையில் வைத்து விரலை மடக்கிவிட்டாள்.

"உரல்ல தலையக் குடுத்தாச்சு, ஒலக்கைக்குப் பயந்தா ஆகுமா அப்பு?"

தட்டு ஸ்டீரிங்

வைத்தியத்தை அப்பா கண்டுபிடித்தார். கெட்டுப்போனது புத்தி இல்லை, கை. ஆகவே கையைத்தான் பழக்க வேண்டும் என்பது அவர் கட்சி. காலையில் ஆட்களைத் தோட்டத்தில் இறக்கிவிட்டு வெறும் ஜீப்பு திரும்பும்போது, என்னைப் பக்கத்தில் உட்காரவைத்து மடியில் ஒரு எவர்சில்வர் தட்டைக் கொடுத்தார். அதுதான் கப்பலின் சுக்கான். எதிரே எது வந்தாலும், பஸ்ஸோ லாரியோ பால்காரரோ, நான் தட்டை வலப்பக்கம் திருப்பிக்கொண்டே கத்த வேண்டும். ஸ்டார்போர்டு என்ற சொல் அவர் வாயில் நுழையவில்லை. சோறு சாப்பிடுகிற கைப் பக்கம் என்பதால் எங்கள் ஊரில் வலதுக்கு உள்ள பேரையே வைத்துக்கொண்டோம். "சோத்தாங்கை! சோத்தாங்கை!" என்று மெட்டிலிருந்து அடிவாரத்து முந்தல் வரைக்கும் கத்திக்கொண்டு வருவேன்.

தட்டோடு திரிந்த அந்த மாதம் நான் சந்தோஷமாக இருந்தேன், அதையும் சொல்லிவிட வேண்டும். எதிரே வந்த டிரைவர்கள் எனக்குப் பித்துப் பிடித்துவிட்டது என்றே நினைத்திருப்பார்கள். நான் சோர்ந்து, தட்டைத் திருப்பாமல் வாயால் மட்டும் சொன்னால் அப்பாவுக்குக் கோபம் வந்துவிடும்.

"வாயி சொன்னாப் பத்தாதுடா. கையி தானாத் திரும்பணும்."

அந்தச் சொல்

இரண்டாவது ஓரலில் கேப்டன் வடக்கத்தி ஆள். எதை எதையோ கேட்டார், பதில் சொன்னேன். கடைசியில் இரண்டு கப்பலையும் மூக்கோடு மூக்கு வைத்தார். எனக்கு உள்ளுக்குள் அவ்வளவு நிம்மதி. சட்டென்று, சத்தமாக, "சோத்தாங்கை!" என்று சொன்னேன்.

அவர் புருவத்தைத் தூக்கினார். திரும்பச் சொல்லச் சொன்னார். எனக்கு அந்த இங்கிலீஷ் சொல் வரவே இல்லை. தொண்டைக்குள் ஜீப்பு இருக்கிறது, தட்டு இருக்கிறது, அப்பா இருக்கிறார், அந்தச் சொல் மட்டும் இல்லை. மறுபடியும் சோத்தாங்கை என்றேன். அப்புறம் எதுவுமே வரவில்லை. அவர் கோபப்படவில்லை, தண்ணீர் டம்ளரை என் பக்கம் தள்ளிவைத்து ஆங்கிலத்தில் மெதுவாகக் கேட்டார்.

"அது ஏதாவது துறைமுகமா?"

மஞ்சு இறங்கிய காலை

மூன்றாவது ஓரலுக்குப் பத்து நாள் இருந்தது. காலையில் ஆட்களை இறக்கிவிட்டுத் திரும்புகிறோம். அப்பாவுக்கு முந்தின நாளிலிருந்தே காய்ச்சல். மெட்டு தாண்டியதும் வண்டியை ஓரங்கட்டி, நீ பிடி என்றார். வாடகை வண்டி ஓட்டுகிற லைசன்ஸ் எனக்குக் கிடையாது. இருந்தாலும் பிடித்தேன். இரண்டு வளைவு நன்றாகவே இறங்கினேன். மூன்றாவதில் மஞ்சு, மலைப்பனி மூடிப் பத்தடிக்கு மேல் கண் தெரியவில்லை. அதற்குள்ளிருந்து இரண்டு விளக்கு நேருக்கு நேர் வந்தது.

கை தானாகத் திரும்பியது. வலப்பக்கம்.

எதிரே வந்தது முருகேசன் மாமாவின் ஜீப்பு, உள்ளே தோட்டத்துக்குப் போகும் பெண்கள். அவர் எப்படியோ ஒடித்து நிறுத்திவிட்டார். ஒரு அக்காவுக்கு மட்டும் கம்பியில் இடித்து நெற்றியில் தையல் போடும்படி ஆனது. எங்கள் வண்டியின் வலப்பக்கச் சக்கரம் பாறையில் ஏறி, வண்டி இடப்பக்கம் சாய்ந்தது. அப்பாவின் இடது கால் அடியில் மாட்டிக்கொண்டது. நான் அவர் மேல் விழுந்து கிடந்தேன், எனக்குச் சிராய்ப்புகூட இல்லை. மாமா ஓடிவந்து குனிந்தபோது என் கை இன்னும் ஸ்டீரிங்கில்தான் இருந்தது. அவர் அதைப் பார்த்தார். விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்து எடுத்துவிட்டார்.

"நான் ஒண்ணும் பாக்கல மருமகனே. மஞ்சு."

யார் ஓட்டியது

ஆஸ்பத்திரியில் அப்பா கட்டிலுக்கு ஒரு போலீஸ்காரர் வந்தார். யார் ஓட்டியது என்று கேட்டார். நான் வாயைத் திறந்தேன். அப்பா என் மணிக்கட்டைப் பிடித்தார். கால் அந்த நிலைமையில் இருந்தும் பிடி இரும்புப்பிடி. இரண்டாவது ஓரலில் பேச வேண்டிய இடத்தில் வாயடைத்துப் போனவன், அங்கேயும் அடைத்துப் போனேன். இதை நான் பயம் என்று சொல்லிக்கொள்வதில்லை. எனக்கு டிக்கெட் வேண்டியிருந்தது. அதுதான் உண்மை.

தானே ஓட்டியதாக அப்பா சொன்னதை எழுதிக்கொண்டு போலீஸ்காரர் போய்விட்டார். என் பேரில் கேஸ் விழுந்தால் என்னைக் கப்பலில் ஏற்றமாட்டார்கள் என்பது அப்பாவின் கணக்கு. அவருடைய லைசன்ஸை ஆறு மாதத்துக்கு நிறுத்திவைத்தார்கள். ஆறு மாதமானால் என்ன, ஆறு வருஷமானால் என்ன, இடது கால் இல்லாமல் கிளச்சை எதைக்கொண்டு மிதிப்பது. கால் இருக்கிறது, மடங்காது. அன்று அழுத என்னைப் பார்த்து அவர் சொன்னது இவ்வளவுதான்.

"பரீட்சைக்கு இன்னும் எத்தன நாளு இருக்கு? வெரசாக் கெளம்பு."

மூன்றாவது தடவை

போனேன். பெஞ்சில் யாரோடும் பேசவில்லை. உள்ளே முதல் தடவை பார்த்த அதே தமிழ்க் கேப்டன், என்னை அவருக்கு நினைவில்லை. கப்பல் விளக்குகளின் அர்த்தம் கேட்டார், சொன்னேன். மூடுபனியில் ஊதும் சங்கொலி கேட்டார், சொன்னேன். இரண்டு மரக் கப்பலையும் மூக்கோடு மூக்கு வைத்தார்.

அவர் கேள்வியை முடிக்கவில்லை. மேஜை மேல் கிடந்த என் இரண்டு கையும் வலப்பக்கம் திரும்பிவிட்டன. "ஸ்டார்போர்டு, சார்" என்றேன். தெளிவாக வந்தது. கண்ணில் தண்ணீர் நிற்காமல் வழிந்தது, துடைக்கத் தோன்றவில்லை. பாஸ் ஆன சந்தோஷம் என்று அவர் நினைத்துக்கொண்டார். எத்தனையோ பேரைப் பார்த்திருப்பார் அல்லவா. எழுந்து கை கொடுத்தார்.

"இப்படிக் கையே பதில் சொல்ற மாதிரி யாருங்க ஒங்களுக்குச் சொல்லிக் குடுத்தது?"

வக்கீல் சொன்னது

டிக்கெட் வந்து, கப்பலும் கிடைத்து, கிளம்புவதற்கு முந்தின வாரம் போடியில் ஒரு வக்கீலிடம் போனேன். பேர் ஊர் சொல்லாமல், யாருக்கோ நடந்ததாகக் கேட்டேன். அவர் டீயைக் குடித்துக்கொண்டே சொன்னார், அந்த மாதிரிக் கேசெல்லாம் அபராதம் கட்டினால் முடிந்துபோகும், வேலைக்குக் குறுக்கே வந்திருக்காது என்று. நேராக வீட்டுக்கு நடந்தேன். அப்பாவிடம் சொல்லி, காலில் விழுந்து, அப்புறம் ஸ்டேஷனுக்கே போய்விடலாம் என்று வழியெல்லாம் நினைத்துக்கொண்டு போனேன்.

வாசலில் அப்பா நாற்காலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். முருகேசன் மாமாவிடம் என் சான்றிதழைக் காட்டிக்கொண்டிருந்தார். அவருக்கு அதில் ஒரு எழுத்தும் வாசிக்கத் தெரியாது. எழுத்தின் மேல் விரல் பட்டுவிடாமல் ஓரமாகப் பிடித்திருந்தார். முகத்தில் அப்படி ஒரு சிரிப்பு. நான் வந்து நின்றதை இருவரும் கவனிக்கவில்லை.

"ரெண்டு பேரு லைசன்சும் போயிருக்க வேண்டியது மாப்ளே. எப்படியோ ஒண்ணக் காப்பாத்திட்டேன்ல."

வாய்மொழித் தேர்வில் தேறியவன் என்று அரசாங்கமே எனக்கு முத்திரை குத்திக் கொடுத்துவிட்டது, எங்கள் அப்பாவிடம் மட்டும்தான் எனக்கு இன்னும் வாய் வரவில்லை.