குங்குமத்தில் புதைத்து வைத்த கைஜோடி வேர்

ஆரணியில் நான் வேலை பார்த்த பட்டுக்கடைக்குள் முட்டைகூட நுழையக் கூடாது. முதலாளி அவ்வளவு சுத்த சைவம். பிரியாணிப் பொட்டலம் வாங்கினால் நாங்கள் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் போய்த்தான் பிரிப்போம். அந்தக் கடையின் கல்லாவில், வெள்ளிக் கிண்ணத்துக் குங்குமத்தில், அது கிடந்தது. இரண்டு குட்டிக் கைகள் கும்பிடுவதுபோலக் காய்ந்து கறுத்த ஒரு பொருள். கைஜோடி வேர் என்பார்கள். வடநாட்டு மலையில் கிடைக்கும் செடியின் வேராம், வைத்திருந்தால் வியாபாரம் பெருகுமாம். வெள்ளிதோறும் முதலாளி அதற்கு எண்ணெய் பூசிக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்.

ஆடிக்கு முன்னால் அவர் மச்சான் அதே வேரை ஒரு டப்பா நிறையக் கொண்டுவந்தார், சேலையோடு சேர்த்து விற்பதற்கு. எங்கள் வீட்டில் முதலில் படித்தவன் நான். அந்தப் படிப்பை நம்பித்தான் வாட்ஸப் விற்பனையை என்னிடம் விட்டிருந்தார்கள்.

"படம் புடிச்சி குரூப்ல போடு தம்பி. ஆர்டர் உன் நம்பருக்கே வரட்டும்" என்றார் முதலாளி.

உள்ளங்கையில் வைத்துப் படம் பிடித்தேன். 'அசல் வேர்' என்று நானே எழுதினேன்.

அப்போது வனக்காப்பாளர் தேர்வுக்குப் படித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் நாள், வனவிலங்குச் சட்டம் பற்றிய பாடத்தில், பிடிபட்ட பொருட்களின் படங்களுக்கு நடுவே அதைப் பார்த்தேன். வேர் இல்லை. ஆண் உடும்பின் குறி, அறுத்துக் காயவைத்தது. உடும்பு அந்தச் சட்டத்தின் முதல் அட்டவணையில், புலி யானையோடு சேர்ந்து இருக்கிறது. விற்பது மட்டுமல்ல, வைத்திருப்பதே குற்றம். மூன்று வருடத்துக்குக் குறையாத சிறை. பூஜைக்கு என்று விலக்கு எதுவும் இல்லை. வழக்கு வந்தால் அரசு வேலை எனக்குக் கனவோடு சரி.

சோப்புப் போட்டுத் திரும்பத் திரும்பக் கையைக் கழுவினேன்.

மறுநாள் முதலாளியிடம் சொன்னேன்.

"இன்னா ஒளர்ற?"

"நெருப்புல காட்டிப் பாக்கலாங்க. வேரா இருந்தா கட்டை வாசனை வரும்."

காட்டினோம். கருவாடு சுடும் நாற்றம் கடை முழுக்கப் பரவியது. முதலாளி வாயைப் பொத்திக்கொண்டு பின்பக்கம் ஓடினார். ஓங்கரிக்கும் சத்தம் கேட்டது. மச்சான் சிரித்தார்.

"பட்டுப்பூச்சிய வேக வெச்சி எடுத்த நூல வித்துகினு கீறாரு. இதுக்குப் போய் வாந்தி எடுக்கறாரே மாமா."

முதலாளி தலைக்குக் குளித்துவிட்டு வந்தார். மூலை மூலையாகக் கோமியம் தெளித்தார். கிண்ணத்தைப் புளி போட்டுத் தேய்க்கச் சொன்னார். உடும்பைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பிறகு டப்பாவைக் காலால் என் பக்கம் தள்ளினார்.

"இத்த ஜல்தியா வித்து முடி. பாக்கவே அருவருப்பா கீது."

"வாங்கறவங்களும் பூஜைலதானே வெப்பாங்க?"

"அவங்களுக்குத் தெரியாதுல்ல. தெரிஞ்சாதான் தீட்டு."

"கேஸ் ஆயிடுங்க. என் நம்பர் போட்டிருக்கு."

"அதான், உன் நம்பர்தானே?" என்றார் மச்சான்.

இந்த இரண்டு பேர்மேல் வந்த அருவருப்பு, உடும்பை அறுத்தவன்மேல்கூட எனக்கு வரவில்லை.

தெருவுக்கு வந்து பதிவை அழிக்கப் போனேன். அழித்தால் நான் தப்பிக்கலாம், டப்பா வேறொருவன் நம்பரில் விலை போகும். அழிக்காமல் வனச்சரக அலுவலகத்துக்குப் போன் செய்தேன்.

"யாருப்பா விக்கறது?"

"விளம்பரம் போட்டது நான்தான் சார்" என்று ஆரம்பித்தேன்.

மாலையில் வந்து டப்பாவை எடுத்துப்போனார்கள். எங்கள் மூன்று பேரின் பெயரையும் எழுதிக்கொண்டார்கள். நான் சாட்சியா, குற்றவாளியா என்று இன்னும் யாரும் சொல்லவில்லை. தேர்வு விண்ணப்பத்தில், என்மீது வழக்கு ஏதும் நிலுவையில் உள்ளதா என்று கேட்கும் கட்டத்தை மட்டும் நிரப்பாமல் வைத்திருக்கிறேன்.