கை எடுத்தால் எழும் இரைச்சல்

பாவாவின் பாஸ் கிட்டார் இப்போது என் வீட்டுக் கூடத்தில், ஜன்னலை ஒட்டிச் சுவரில் சாய்ந்து நிற்கிறது. தடித்த நான்கு கம்பிகள். தூக்கினால் விறகுக்கட்டைக் கனம். கழுத்தில் விரல் நீளத்துக்கு ஒரு விரிசல். இனி அதில் சுருதி நிற்காது. கம்பிகளுக்கு அடியில், சோப்புக்கட்டியை நீளவாக்கில் அறுத்து வைத்ததுபோல இரண்டு கறுப்புப் பட்டைகள். அவைதாம் பிக்கப். உள்ளே காந்தமும் அதைச் சுற்றிய செப்புக்கம்பிச் சுருளும் இருக்கும். மேலே கம்பி அதிர்ந்தால் சுருளில் மின்சாரம் பிறக்கும். அரக்கோணத்தில் ஒரு பள்ளியில் ஆண்டுதோறும் நான் நடத்தும் இயற்பியல் பாடம்தான் அது.

பாவா என் அக்காவின் கணவர். ஆர்.கே.பேட்டையில் விசைத்தறி ஓட்டினார். கோயில் விழாக்களிலும் கல்யாணங்களிலும் எங்கள் மெல்லிசைக் குழுவில் பாஸ் வாசித்தார். அக்கா இறந்தபிறகும் அந்த வீட்டிலேயே தனியாக இருந்தார். இங்கே வந்துவிடுங்கள் என்று நானும் வருடத்துக்கு ஒருமுறை, தீபாவளிக்குத் துணி கொடுக்கும்போது, சொல்லிவந்தேன். அவர் வரமாட்டார் என்று தெரிந்துதான் சொன்னேன்.

போன வாரம் பெங்களூரிலிருந்து என் மகள் கைப்பேசியில் இரண்டு படங்கள் அனுப்பினாள். வேலைக்குப் போய்க்கொண்டே நண்பர்களோடு சேர்ந்து பாஸ் வாசிக்கிறாள். இதுவரை இரவல் கிட்டார். இப்போது சொந்தமாக ஒன்று வாங்கப்போகிறாள். ஒரு படத்தில் இருந்ததற்கு நடுவில் இரண்டு துண்டாகப் பிரித்த ஒரே பிக்கப். இரண்டு துண்டுகளிலும் சுருளை எதிரெதிராகச் சுற்றியிருப்பார்கள். வெளியிலிருந்து வரும் இரைச்சலை ஒன்று மற்றொன்றில் கழித்துவிடும். சத்தமில்லாத சமர்த்துப் பிள்ளை. இன்னொன்று பாவாவினுடையதைப்போல, கழுத்துப்பக்கம் ஒன்று, பின்னால் ஒன்று என இரண்டு தனிப் பிக்கப். அதில் குரல் பலவிதமாக வரும். இரண்டையும் ஒரே அளவில் வைத்தால் இரைச்சல் பெரும்பாலும் அடங்கும். ஒன்றை மட்டும் ஏற்றினால் டியூப்லைட்டின் முனகல்வரை எல்லாவற்றையும் இழுத்துவந்து கொட்டும்.

"எது நைனா வாங்கட்டும்? அடுத்த சனிக்கிழமை கடைக்குப் போறேன்" என்றாள்.

இரைச்சல் இல்லாததை வாங்கு என்றேன். யோசிக்கக்கூட இல்லை. அவள் படிப்பு, வேலை, தங்கும் அறை என எது கேட்டாலும் சத்தம் குறைவானதையே நான் சொல்லிவந்திருக்கிறேன். அவளும் "சரி நைனா" என்று வைத்துவிட்டாள். அந்தச் 'சரி'யில் ஒன்றுமே இல்லை. பிறகு அவள் பேசவும் இல்லை.

எனக்கு வேலை கிடைக்காத நாட்களில் குழுவின் மிக்சர் முன்னால் உட்கார்ந்து, யார் சத்தம் எவ்வளவு என்று ஏற்றி இறக்கியவன் நான். பாவா எப்போதும் பின்பக்கப் பிக்கப்பை மட்டுமே ஏற்றி வைப்பார். உறுமல் அதில்தான் இருக்கிறது என்பார். ஓர் ஆடிக்கிருத்திகை மாலை, மலையடிவாரத்தில் கச்சேரி. தெருவெல்லாம் பூக்காவடி. மேடையைச் சுற்றி டியூப்லைட், பின்னால் ஜெனரேட்டர். பாஸிலிருந்து இரைச்சல் விடாமல் வந்தது. விழாக் கமிட்டிக்காரர் என் தோளுக்குமேல் குனிந்து, "இன்னாப்பா அது, சாமி பாட்டு நடுவுல தேன்கூட்டைக் கலைச்ச மாதிரி? எவனோ ஜெனரேட்டரை மடியில வெச்சிகினு வாசிக்கிறானா?" என்றார். பக்கத்திலிருந்தவர்கள் சிரித்தார்கள். கூட்டத்தின் நடுவில் எழுந்துபோய் அக்கா கணவரிடம் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. மிக்சரில் அவருடைய பொத்தானை ஓசைப்படாமல் அடிவரை இறக்கிவிட்டேன். இரைச்சல் நின்றது. பாஸும் நின்றது. கமிட்டிக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார்.

பாவா இரண்டு மணிநேரம் கண்ணை மூடி வாசித்தார். ஒரு சுரம்கூட யாருக்கும் போய்ச் சேரவில்லை. முடிந்ததும் வெறுங்காலோடு இறங்கி வந்து, "டீ குடிக்கலாமா மச்சான்" என்று மட்டும் கேட்டார். நான் சொல்லவில்லை. சொல்லாமலே முப்பது வருடம் ஓடிவிட்டது.

மூன்று மாதத்துக்கு முன், ஒரு காலை, வாசித்துக்கொண்டிருந்தவர் எழும்போது ஒயர் காலில் சிக்கி விழுந்தார். இடுப்பெலும்பு முறிந்தது. நகர முடியவில்லை, கூப்பிடவும் குரல் வரவில்லை. கிட்டார் ஆம்ப்ளிபயரில் சொருகியபடியே எட்டாத தூரத்தில் கிடந்தது. பின்பக்கப் பிக்கப்பை மட்டும் ஏற்றி வைத்தால் ஒரு குணம் உண்டு. வாசிப்பவரின் கை கம்பியில் பட்டிருக்கும்வரை இரைச்சல் பாதி அடங்கியிருக்கும். கையை எடுத்தால் மேலெழும். அன்று அமாவாசை. தறிக்கு விடுமுறை, தெருவில் எதுவும் ஓடவில்லை. ஓடியிருந்தால் வேறெந்தச் சத்தமும் யார் காதிலும் விழுந்திருக்காது. பக்கத்து வீட்டுத் தறிக்காரர் மனைவி, இரண்டு மணிநேரமாக எதுவோ இரைந்துகொண்டே இருக்கிறதே என்று வந்து கதவைத் தட்டினாள். எனக்குத் தகவல் சொன்னவளும் அவள்தான். "மோட்டாரு எரியுதுன்னு நெனச்சேங்க" என்றாள்.

ஆஸ்பத்திரியில் பன்னிரண்டு நாள் இருந்தார். நான்காம் நாள், அவருக்குக் கஞ்சி ஊட்டிக்கொண்டிருந்தபோது அந்தக் கிருத்திகை மாலையைச் சொன்னேன். சொல்லி முடிக்கும்வரை கரண்டியைக் கிண்ணத்திலேயே வைத்திருந்தேன்.

"தெரியும் மச்சான்" என்றார். "ரெண்டாவது பாட்டுலயே கால்ல தெரிஞ்சிபோச்சி. மேடைப் பலகை ஆடலை."

"தெரிஞ்சுமா வாசிச்சீங்க பாவா?"

"டிரம்ஸ்காரன் என் கையைப் பாத்துகினு அடிச்சிகினு இருந்தான். நான் நிறுத்துனா அவன் எங்க போவான்?" பிறகு கொஞ்சம் சிரித்தார். "ஆறிப்போவுது, ஊட்டு."

 பன்னிரண்டாம் நாள் நுரையீரலில் சளி கட்டி, போய்விட்டார்.

அதிலிருந்து எந்த முனகல் கேட்டாலும் அது எங்கிருந்து வருகிறதென்று தேடுகிறேன். பிரிட்ஜின் மோட்டார் ஓடத் தொடங்கினால் எழுந்து நிற்கிறேன். மனைவி இறந்து ஆறு வருடமாகிறது. இந்த வீட்டில் நான் எழுந்து நின்றதைப் பார்க்க யாருமில்லை. மகளும் அங்கே ஓர் அறையில், உள்ளே தாழிட்டுக்கொண்டு. அவளுக்கு நான் சொன்ன யோசனை இசையைப் பற்றியதே அல்ல. சத்தம் வந்தால் நாலு பேர் சிரிப்பார்கள் என்ற என் பயத்தைத்தான் அவளுக்கு வாங்கிக் கொடுக்கப் பார்த்தேன். இன்னொரு பொத்தானையும் அடிவரை இறக்கிவிட்டேன்.

இன்று வெள்ளிக்கிழமை. பள்ளி முடிந்து ரயிலில் வந்து, சட்டைகூட மாற்றாமல், பாவாவின் கிட்டாரை அவருடைய பழைய ஆம்ப்ளிபயரில் சொருகினேன். பின்பக்கப் பிக்கப்பை மட்டும் ஏற்றினேன். கூடம் முழுக்க அந்த இரைச்சல் நிறைந்தது. மகளைப் போனில் கூப்பிட்டேன்.

"அது இன்னா நைனா சத்தம்?"

"மாமாவோட பாஸ்."

 "கம்பி மேல கைய வைங்க நைனா. அடங்கிடும்" என்றாள்.

"தெரியும்மா. நாளைக்கு நீ ரெண்டு பிக்கப் இருக்கறதையே வாங்கு."

"இரையுமே?"

"இரையட்டும்" என்றேன்.

அவள் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. ஜன்னலோரம் பாவாவின் நான்கு கம்பிகளும் தொடுவாரில்லாமல் இரைந்துகொண்டிருந்தன. நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.