நடு ஆற்றில் நின்ற மோட்டார்

படகுத்துறையில் என் சித்திக்குக் 'கேப்டன்' என்று பெயர். முதலில் கிண்டலுக்குத்தான் வைத்தார்கள். அக்கரை ஆஸ்பத்திரியில் வேலை செய்யும் நர்ஸுகளைக் காலையும் மாலையும் ஏற்றி இறக்குவது அவளுடைய முறை. ஆண்கள் மட்டுமே படகு ஓட்டிய துறைக்கு, கிட்டத்தட்ட தன் வயதே ஆன மோட்டாரைப் பின்னால் மாட்டிக்கொண்டு வந்தவளை வேறு என்ன சொல்லிக் கூப்பிடுவார்கள்?

அந்த மோட்டார் திடீரென்று வம்பு செய்யத் தொடங்கியது. கரையில் ஒரே இழுப்பில் பிடிக்கும். பாதி ஆறு வரை ஒழுங்காகப் போகும். பிறகு இருமி, விக்கி, நின்றுவிடும். கொஞ்ச நேரம் விட்டால் ஒன்றுமே நடக்காததுபோல் மறுபடி ஓடும்.

சித்தியும் சித்தப்பாவும் மோட்டாரைக் கழற்றித் தள்ளுவண்டியில் மெக்கானிக்கிடம் கொண்டுபோனார்கள். அவர் கார்புரேட்டரைப் பிரித்துக் கழுவினார். பெட்ரோல் பம்பின் ஜவ்வை மாற்றினார். வடிகட்டியும் பிளக்கும் புதிதாகப் போட்டார். பிறகு தண்ணீர் நிரப்பிய டிரம்மில் மாட்டி, கடையில் தொங்கும் தன் கேனிலிருந்தே பெட்ரோல் விட்டு ஓட்டிக் காட்டினார். நிற்கவே இல்லை.

"கேட்டியாம்மா சத்தத்தை? கோளாறு மோட்டார்ல இல்ல."

"அப்ப எங்கண்ணே இருக்கு?"

"ஆத்துலதான் இருக்கணும். அதைப் பிரிக்க எங்கிட்ட ஸ்பானர் இல்ல."

டேங்கை யாரும் கேட்கவில்லை. துறையில் பெட்ரோல் டேங்கைப் படகிலேயே விட்டுப் போனால் காலையில் காலியாகத்தான் இருக்கும். அதனால் எல்லோருமே அதைச் சாப்பாட்டுக் கேரியர் போல வீட்டுக்குத் தூக்கிப் போவார்கள். வீட்டில் நாற்றம் வராமலிருக்க, மூடியிலுள்ள காற்றுத் திருகைச் சித்தி இறுக்கிவிடுவாள். படகில் வைத்ததும், உள்ளே காற்றுப் போவதற்காக அதைத் தளர்த்துவாள். மோட்டார் கடையில் கிடந்த நாளெல்லாம் டேங்க் வீட்டுக் கதவோரம் பளபளவென்று உட்கார்ந்திருந்தது. கடைகளுக்குப் பெயர்ப்பலகை எழுதுகிற சித்தப்பா, மிஞ்சிய பச்சைப் பெயிண்டை வீணாக்க மனமில்லாமல் சமீபத்தில் அதற்கு அடித்திருந்தார்.

மோட்டாரைத் திரும்ப மாட்டிய மறுநாளே அது நடு ஆற்றில் நின்றது. துறை மேற்பார்வையாளர் சித்தியைக் கூப்பிட்டார்.

"கேப்டனம்மா, இன்னொரு தடவை நின்னுச்சுன்னா உன் முறை ஃபைபர் படகுக்காரனுக்குப் போயிடும். அந்தப் பொண்ணுங்க டூட்டிக்குப் போறாங்க, டூருக்கு இல்ல."

"இனிமே நிக்காது சார்."

"போன தடவையும் இதையேதான் சொன்னே."

அடுத்த நாள் காலை நானும் படகில் இருந்தேன். ஃபைபர் படகுக்காரர் கரையில் கைகட்டி நின்று வழியனுப்பினார். பாதி ஆறு. மோட்டார் இருமியது, விக்கியது, நின்றது. படகு மெல்லத் திரும்பி, ஓட்டத்தோடு கீழ்ப்பக்கம் போகத் தொடங்கியது. வழக்கம்போல் மோட்டாரின் மேல்மூடியைத் திறக்கத்தான் சித்தியின் கை போனது.

"அக்கா, தப்பா எடுத்துக்காதீங்க," என்றாள் பலகையோரம் உட்கார்ந்திருந்த ஒரு நர்ஸ். "கீழ ஒரு ரப்பர் பந்து இருக்கே, அது சப்பிப் போயிருக்கு. நான் மிதிச்சிட்டேனோ என்னவோ."

டேங்கிலிருந்து மோட்டாருக்குப் போகும் குழாயின் நடுவே இருக்கும் பந்து அது. கிளப்புவதற்கு முன் கையால் அமுக்கிப் பெட்ரோலை ஏற்றுவதற்கு. சித்தி குனிந்து பார்த்தாள். பிழிந்து போட்ட எலுமிச்சை மூடிபோல ஒட்டிக் கிடந்தது.

"நெசமா மிதிச்சியா?"

"இல்லக்கா. காலே படல."

"அப்ப மோட்டார் உறிஞ்சுது. டேங்க்தான் குடுக்க மாட்டேங்குது," என்றாள் சித்தி, தனக்குத்தானே. காற்றுத் திருகைத் தொட்டுப் பார்த்தாள். தளர்த்தித்தான் இருந்தது. சற்று யோசித்தாள். பிறகு டேங்கின் மூடியையே பிடித்துத் திருகினாள்.

உஸ்ஸென்று காற்று உள்ளே பாய்ந்தது. காலடியில் பந்து தானாகவே உப்பி உருண்டையானது. அந்த நர்ஸ் கால்களைத் தூக்கிக்கொண்டாள். சித்தி பந்தை நன்றாக அமுக்கிவிட்டுக் கயிற்றை ஒரு இழு இழுத்தாள். மோட்டார் பிடித்துக்கொண்டது. மூடியைத் தளர்வாகவே வைத்து ஓட்டினாள். அக்கரை வரை ஒரு விக்கல்கூட இல்லை. நர்ஸுகள் நேரத்துக்கு இறங்கினார்கள்.

திரும்பி வந்ததும் படகைத் தூணில் கட்டி, மெக்கானிக்கை வரச் சொன்னாள். மேற்பார்வையாளரும் வந்தார், ஃபைபர் படகுக்காரரைக் கூப்பிட வேண்டியிருக்கவில்லை. எல்லோரும் பார்க்க மூடியை இறுக்கி மோட்டாரை ஓடவிட்டாள். பந்து கொஞ்சம் கொஞ்சமாகச் சப்பியது, மோட்டார் நின்றது. மூடியைத் தளர்த்தினாள், ஓடியது. அதன்பின் கொண்டையிலிருந்து ஊசியை உருவி, காற்றுத் திருகுக்கு அடியில் காற்றுப் போகும் துளையைக் குத்தினாள். பச்சைப் பெயிண்ட் பொருக்கு ஒன்று பெயர்ந்து வந்தது. இப்போது மூடியை எவ்வளவு இறுக்கினாலும் மோட்டார் நிற்கவில்லை.

"டேங்க் மூச்சு விடத் துளையே இல்லாமப் பண்ணிட்டாரா உன் வீட்டுக்காரர்?" என்று மெக்கானிக் தலையில் அடித்துக்கொண்டு சிரித்தார். "என் கேன்ல ஓட்டினா எனக்கு எப்படித் தெரியும்?"

"ஆத்துல கோளாறு இல்லண்ணே. நல்லாப் பாத்துட்டேன்."

மேற்பார்வையாளர் ஃபைபர் படகுக்காரரைத் திரும்பிப் பார்த்தார். அவர் ஏற்கெனவே தன் படகை நோக்கி நடந்துகொண்டிருந்தார்.

"சாயங்கால முறைக்கு நேரத்துக்கு வந்துடு, கேப்டன்," என்றார் மேற்பார்வையாளர். அதில் கிண்டல் இல்லை.

சித்தி டேங்கைத் தூக்கிக்கொண்டு வருவதற்குள் செய்தி வீட்டுக்கு எட்டியிருந்தது. சித்தப்பா பிரஷ்ஷைத் துடைத்தபடி வாசலுக்கு வந்தார்.

"படகுல 'கேப்டன்'னு பெருசா எழுதித் தரட்டுமா?"

"எழுதுங்க," என்றாள் சித்தி, டேங்கை மறுகைக்கு மாற்றிக்கொண்டு. "ஆனா எழுதி முடிக்கிற வரைக்கும் இது எங்கிட்டதான் இருக்கும்."