பஸ் பாதையில் ஹயாத் பாஷாவின் ராஜ்தூத்

செங்கல்பட்டில் ஒரு தனியார் பஸ் கம்பெனியின் ரோடு மெக்கானிக் ஹயாத் பாஷா. பஸ் எங்கே படுத்தாலும் அங்கே போய் எழுப்புவது அவர் வேலை. கம்பெனி கொடுத்த ராஜ்தூத் மோட்டார் சைக்கிள், பின் சீட்டின் இருபுறமும் ஸ்பானர் பை, ஜாக்கி, ஹேண்டில்பாரிலிருந்து பின் விளக்குவரை ஈட்டி மாதிரி நீட்டிக் கட்டிய ஒரு ஆக்சில். கடப்பாக்கத்தில் நின்ற வண்டிக்கும் கேளம்பாக்கத்தில் நின்ற வண்டிக்கும் ஒரே நாளில் போய்ச் சேர்ந்த மனிதர். பதினோரு வருஷத்தில் அவர் போய்ச் சேர முடியாமல் தவித்தது ஒரே இடத்தில்தான். அது மாமல்லபுரம் ரோட்டின் கடைசி நான்கு கிலோமீட்டர். அதுவும் மாசி மகத்தன்று மட்டும்.

மகத்துக்கு வருகிற கூட்டம் ரோட்டை அடைத்துக்கொள்கிறது என்று 1972இல் விழாக் கமிட்டி ஒரு ஏற்பாடு செய்தது. ரோட்டின் நடுவே சவுக்குக் கழிகளை நட்டுக் கயிறு கட்டினார்கள். இடது பக்கம் நடப்பவர்களுக்கும் மாட்டு வண்டிகளுக்கும், வலது பக்கம் பஸ்ஸுக்கு. பஸ் இந்தப் பாதையில் போய்க் கோவளம் வழியாகத் திரும்ப வேண்டும். நல்ல ஏற்பாடு. பஸ் கெட்டுப்போகும் என்பதை மட்டும் யாரும் நினைக்கவில்லை.

முதல் வருஷமே ஒரு பஸ் பாதி வழியில் நின்றது. ஒரு பஸ் அகலத்துக்கு மேல் பாதையில் இடமில்லை. ஒரு பக்கம் கயிறு, மறு பக்கம் உப்பங்கழிப் பள்ளம். பின்னால் வந்த பஸ்களெல்லாம் நின்றன. காவலுக்கு நின்றவர்கள் பாதையின் நுழைவாயிலை மூடினார்கள். மோட்டார் சைக்கிளோடு போன ஹயாத் பாஷாவுக்கும் சேர்த்துத்தான் மூடினார்கள். "பஸ்ஸுக்கு மட்டும்னு போர்டு கீது, படிச்சியா?" என்றார்கள். நடக்கிற பக்கத்தில் விடக் கேட்டார். கூட்டத்தில் இயந்திர வண்டி கூடாதென்றார்கள். தள்ளிக்கொண்டு போகிறேன் என்றார். தள்ளினாலும் வண்டி வண்டிதான் என்றார்கள். கடைசியில் ஆக்சிலைத் தோளில் தூக்கிக்கொண்டு, ஜாக்கியை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, முளைப்பாரிக்கும் காவடிக்கும் நடுவே நடந்து போனார். பஸ் நகர இரண்டு மணி பத்து நிமிஷம் ஆனது. அடுத்த வருஷமும் அதே கதை. பஸ் மட்டும் வேறு.

நடுவில் விழாக் கமிட்டிக்கு மூன்று மனு கொடுத்தார். முதல் மனு பரிசீலனையில் இருப்பதாகப் பதில் வந்தது. இரண்டாவதற்கு, மோட்டார் சைக்கிள் பஸ் ஆகாது என்று பதில் வந்தது. அது ஹயாத் பாஷாவுக்கும் தெரிந்த விஷயம். மூன்றாவதற்கு நேரிலேயே கூப்பிட்டார்கள்.

"உனக்கு வுட்டா ஊர்ல கீற மோட்டார் சைக்கிள் எல்லாம் வரும்பா," என்றார் ஒரு உறுப்பினர்.

"ஆக்சில் தூக்கிகினு எவன் சார் கடல்ல குளிக்க வர்றான்?"

இன்னொருவர் கொஞ்சம் இறங்கி வந்தார். "சரி, பஸ் எந்த எடத்துல நிக்கும்னு முன்னாடியே எழுதிக் குடு. அங்க நிக்கறதுக்குப் பர்மிஷன் தர்றோம்."

வீட்டில் இதைச் சொன்னபோது அவர் மனைவி பதருன்னிசா சிரித்த சிரிப்பில் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. ஹயாத் பாஷாவுக்குச் சிரிப்பு வரவில்லை. ஷெட் மேனேஜர் ராமானுஜம் அதற்குள் அவரை ஷெட்டுக்கு மாற்றும் கடிதம் ஒன்றைத் தயாராக வைத்திருந்தார்.

"பாரு பாய், மொதலாளி கண்டிப்பா சொல்லிட்டாரு. இந்த மகத்துக்கு வண்டி நின்னு ஒரு மணி நேரத்துக்கு மேல ஆச்சுன்னா, மறுநாள்லேர்ந்து நீ ஷெட்டுல கிரீஸ் அடி. ரோட்டு வேலைக்கு வேற ஆளு."

"பாதையில வுட மாட்டேங்கறான் சார். நான் பறந்தா போறது?"

"அது உன் பாடு. வண்டிச் சாவியை வெச்சுட்டுப் போறதுன்னாலும் போ."

ஷெட்டுக்குள் குனிந்து நின்று கிரீஸ் அடிப்பது கேவலமான வேலை ஒன்றுமில்லை. ஆனால் நின்றுபோன பஸ்ஸைச் சுற்றி அறுபது பேர் எட்டிப் பார்க்க, அதைக் கிளப்பிவிட்டுக் கையைத் துடைத்துக்கொள்கிற மனிதனுக்கு அது வேறு உலகம்.

1974 மகம். விடிந்ததிலிருந்தே நுழைவாயிலுக்குப் பக்கத்து வயலில் ராஜ்தூத்தை நிறுத்திக் காத்திருந்தார். எட்டேகால் மணிக்குக் கண்டக்டர் சடையப்பன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு, வேட்டியை மடித்துக்கட்டி ஓடி வந்தான்.

"பாய்! கண்ணாயிரம் வண்டி! மூணாவது கிலோமீட்டர் பாலத்து மேட்டுல ஆக்சில் கட். எழுபது பேர் எறங்கித் தள்ளிப் பாத்தாச்சு, அசையல. சக்கரத்துக்குக் கல்லு வெச்சுட்டு வந்துகினே கீறேன்."

"எப்ப நின்னுது?"

"ஏழு அம்பத்தஞ்சு."

தள்ளியதிலும் ஓடியதிலுமே இருபது நிமிஷம் போயிருந்தது. நுழைவாயிலை ஏற்கெனவே மூடியிருந்தார்கள். காவலுக்கு நின்றவர் ஏட்டு எல்லப்பன். கயிற்றின் முனையைக் கையில் சுற்றிப் பிடித்திருந்தார்.

"ஏட்டய்யா, வழி வுடுங்க. உள்ள பஸ் நின்னுட்ச்சு."

"தெரியும் பாய். அதனாலதான் மூடியிருக்குது."

"அத எழுப்பத்தான் நான் வந்துகினு கீறேன்."

"மோட்டார் சைக்கிளுக்கு ஆர்டர் இல்ல. இன்ஸ்பெக்டர் ஐயா சொல்லணும்."

"ஐயா எங்க?"

எல்லப்பன் கயிற்றை இன்னொரு சுற்றுச் சுற்றினார். "ரவுண்டு போனாரு. ஜீப்பு உள்ள நின்னுகினு கீது."

"எங்க உள்ள?"

"உங்க பஸ்ஸுக்குப் பின்னாலதான்."

சடையப்பன் தலையில் கை வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டான். பஸ்ஸை எழுப்ப மோட்டார் சைக்கிள் போக வேண்டும். மோட்டார் சைக்கிள் போக இன்ஸ்பெக்டர் உத்தரவு வேண்டும். இன்ஸ்பெக்டர் வெளியே வரப் பஸ் எழுந்திருக்க வேண்டும்.

"பேஜாரா போச்சுய்யா!" என்று கத்தினார் ஹயாத் பாஷா. "நீங்களாவது போய்க் கேட்டுட்டு வாங்களேன்!"

"மூணு கிலோமீட்டர் நடந்து போய், மூணு கிலோமீட்டர் நடந்து வரணுமா? இந்த ஒடம்ப வெச்சுகினா?"

எல்லப்பன் பருத்த மனிதர். அவர் நடந்து போய் வருவதற்குள் மகமே முடிந்துவிடும். ஹயாத் பாஷா அவரை மேலும் கீழும் பார்த்தார். பிறகு ராஜ்தூத்தை உதைத்துக் கிளப்பினார்.

"குந்துங்க."

"இன்னாது?"

"என்னை உள்ள வுடலாமான்னு கேக்க நீங்க போறீங்க. நான் உங்கள இட்டுகினு போறேன். போலீஸ்காரர் போறதுக்கு ஆர்டர் கீதுல்ல?"

எல்லப்பன் யோசித்தார். தனக்குத் தடை இல்லை என்பது அவருக்கு உறுதியாகத் தெரிந்தது. கயிற்றைச் சடையப்பன் கையில் கொடுத்தார். "யாரையும் வுடாத," என்று சொல்லிவிட்டு ஏறி உட்கார்ந்தார். பின் டயர் பாதியாக அமுங்கியது.

கயிற்றுக்கு அந்தப் பக்கம் இருளர் குடும்பங்கள் பிள்ளைகளைத் தோளில் வைத்துக்கொண்டு கடலுக்கு நடந்துகொண்டிருந்தன. "போலீஸைப் புடிச்சுகினு போறாருடா பாய்!" என்று யாரோ கத்த, ரோடே சிரித்தது. எல்லப்பன் தொப்பியை இறக்கி முகத்தை மறைத்துக்கொண்டார்.

வரிசையாக நின்ற பஸ்களுக்கும் கயிற்றுக்கும் நடுவே புகுந்து பாலத்தை எட்டியபோது மணி எட்டு முப்பத்திரண்டு. ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டரின் முகம் வெயிலில் சிவந்திருந்தது. எல்லப்பன் குதித்து சல்யூட் அடித்தார்.

"ஐயா, மோட்டார் சைக்கிளை உள்ள வுடலாமான்னு கேக்க வந்தேன் ஐயா."

இன்ஸ்பெக்டர் ஏட்டைப் பார்த்தார், மோட்டார் சைக்கிளைப் பார்த்தார். "வுடக் கூடாது."

"சரிங்க ஐயா."

"வந்துட்டதை இன்னாய்யா பண்றது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

அந்தப் பேச்சு முடிய ஹயாத் பாஷா காத்திருக்கவில்லை. அவர் ஏற்கெனவே பஸ்ஸுக்கடியில் இருந்தார். டிரைவர் கண்ணாயிரம் நட்டுகளைக் கழற்ற, உடைந்த ஆக்சிலின் வெளித் துண்டு உடனே வந்துவிட்டது. உள்ளே மாட்டிக்கொண்ட துண்டு வரவில்லை. எதிர்ப் பக்க ஆக்சிலையும் உருவி, அந்த வழியாகக் கம்பியை விட்டு இடித்து இந்தப் பக்கம் தள்ளினார். தள்ளும்போது இன்ஸ்பெக்டர் குனிந்து, "உன் பேர் இன்னா? லைசென்ஸ் கீதா?" என்று கேட்டார்.

"பேண்ட் பாக்கெட்டுல கீது சார், எடுத்துக்குங்க. கை கிரீஸு."

இன்ஸ்பெக்டர் எடுக்கவில்லை. புது ஆக்சிலைச் செருகி நட்டுகளை முடுக்கியதும், எட்டு ஐம்பத்திரண்டுக்கு பஸ் உறுமிக்கொண்டு மேட்டில் ஏறியது. ஐம்பத்தேழு நிமிஷம். ஹயாத் பாஷா நேரத்தைக் கண்ணாயிரத்திடம் இரண்டு முறை கேட்டு உறுதி செய்துகொண்டார்.

ஆனால் ராஜ்தூத் பாதையில் ஓடக் கூடாது என்பதில் இன்ஸ்பெக்டர் பிடிவாதமாக இருந்தார். திரும்பிப் போகவும் கூடாது, முன்னால் போகவும் கூடாது. ஆறு பயணிகள் சேர்ந்து அதை அடுத்த பஸ்ஸின் கூரையில் ஏற்றிக் கட்டினார்கள். அந்த பஸ்ஸின் கண்டக்டர் கிழித்துக் கொடுத்த லக்கேஜ் டிக்கெட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, ஹயாத் பாஷா படிக்கட்டில் தொங்கியபடி மாமல்லபுரம் போய்ச் சேர்ந்தார்.

ராமானுஜம் கடிதத்தைக் கிழித்துப் போட்டார். ரோட்டு வேலை தப்பியது. விழாக் கமிட்டியும் ஒருவழியாக அசைந்து கொடுத்தது. 1975 மகத்துக்கு ஒரு வாரம் முன்னால் எழுத்து மூலம் உத்தரவு வந்தது: பழுது பார்க்கும் மோட்டார் சைக்கிள் பஸ் பாதையில் செல்லலாம்; பின் இருக்கையில் காவல்துறையினர் ஒருவர் அமர்ந்திருக்க வேண்டும்.

உத்தரவை ஹயாத் பாஷா எழுத்தெழுத்தாகப் படித்து முடித்தார். அப்புறம், "வுட்டாங்களே, அது போதும்," என்றார்.

அந்த மகத்தன்று ஒன்பதரைக்கு இரண்டாவது கிலோமீட்டரில் ஒரு பஸ் நின்றது. ஆக்சில் இருந்தது, ஜாக்கி இருந்தது, உத்தரவு நான்காக மடித்துப் பையில் இருந்தது. ராஜ்தூத் முதல் உதையிலேயே கிளம்பியது. பின் சீட்டு காலி. அதில் உட்கார வேண்டிய ஏட்டு எல்லப்பன் நாஸ்தாவுக்குப் போயிருந்தார். எந்தக் கடைக்கு என்று யாருக்கும் தெரியவில்லை. நுழைவாயிலில் நின்ற புதுக் கான்ஸ்டபிள் தன்னால் கயிற்றை விட்டு வர முடியாது என்று கையை விரித்தார். ஹயாத் பாஷா என்ஜினை அணைத்துவிட்டு, "ஏட்டய்யா! ஏட்டய்யா!" என்று கூவிக்கொண்டே இட்லிக் கடைகளின் பக்கம் ஓடினார்.