யார் உடைத்தது?

எங்கள் வீட்டில் எட்டாம் வகுப்பை எட்டிப் பார்த்த முதல் ஆள் நான். மருந்துச் சீட்டு, கரண்ட் பில், இங்கிலீஷில் எது வந்தாலும் என் முன்னால்தான் வந்து நிற்கும். தெரியாததையும் தெரிந்த முகத்தோடு வாசிப்பேன்.

அம்மாவுக்கும் அப்பாவுக்கும் அலுவிகாரையில் ஒரு மிளகு ஸ்டோரில் வேலை. ஒரு சாயங்காலம் அம்மா வெளிறிப்போய் வந்தார். மிளகின் ஈரம் பார்க்கிற மெஷின் போய்விட்டதாம்.

"தல சுத்துச்சு, கை வழுக்கிருச்சு, உடைஞ்சிருச்சு."

ஸ்டோரின் மேலாளர் மாத்தயாவிடம் சிங்களத்தில் "கெடுனா" என்றாராம். உடைந்துபோனது, அவ்வளவுதான். அந்தச் சொல்லுக்குள் ஆளைத் தேட முடியாது, மாத்தயாவும் தேடவில்லை. இந்த விஷயத்தில் தமிழும் சிங்களமும் ஒரே ஊர்க்காரர்கள். எனக்குப் பசிக்கிறது என்கிறோம். பசியைச் செய்கிறவர் யார்? யாருமில்லை, எனக்கு அது நடக்கிறது.

ஆனால் கொழும்பு முதலாளிக்கு இங்கிலீஷில் கடிதம் வேண்டுமாம். அதைப் பார்த்துத்தான் வேலையில் வைப்பதா, நிறுத்துவதா என்று சொல்வார். அம்மா அப்போது ஆறு மாதம். நிறுத்தினால் பிரசவ லீவும் இல்லை.

பேனாவைத் திறந்தேன். இங்கிலீஷ் வாக்கியம் ஆள் இல்லாமல் கிளம்பாது என்று டீச்சர் சொல்லியிருந்தார். மழை பெய்தால்கூட முன்னால் ஒரு 'இட்'டை நிறுத்தவேண்டும், சோளக்கொல்லை பொம்மை மாதிரி. மெஷினுக்கு அந்தப் பொம்மை போதாது என்று நானே தீர்மானித்தேன்.

"யாரு உடைச்சது? பேர் வேணும்."

"அதான் உடைஞ்சிருச்சுன்னு சொல்றேனே."

"தானா உடையுமா? இது இங்கிலீஷ்ம்மா. சும்மா உடையாது."

"இங்கிலீஷுல மெஷினு கெட்டி போல" என்று சிரித்த அப்பா, அம்மாவின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "என் பேரப் போடுடா."

"என்னங்க நீங்க..." என்றார் அம்மா.

"அவன் எழுதட்டும்."

எழுதினேன், முழுப்பெயரை, ஓர் எழுத்துப் பிழையில்லாமல். மாத்தயா வாசித்தார், அப்பாவைக் கொஞ்ச நேரம் பார்த்தார், கையெழுத்து வைத்தார். அடுத்த வாரம் அப்பாவை நிறுத்திவிட்டார்கள். அம்மாவின் வேலை இருந்தது.

ஆளைச் சொல்லாமலே இங்கிலீஷில் எழுதுகிற வழி அடுத்த தவணைப் பாடத்தில் வந்தது. அப்போதும் எனக்கு ஒன்றும் உறுத்தவில்லை. வீட்டில் உண்மையை எழுதத் தெரிந்த ஒரே ஆள் என்று நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு திரிந்தேன்.

மெஷின் உடைந்த நேரத்தில் அப்பா வேறு ஊரில், யட்டவத்தையில், லொறிக்கு மூட்டை ஏற்றிக்கொண்டிருந்தார். அன்று காலை அவரைப் பஸ் ஏற்றிவிட்டதே நான்தான்.